அரை சதவீத அனுகூலம் 20 சதவீத வருமானம் ஆவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு ஒரு கணக்குக் கேள்வி. பிளாக்ஜாக் என்பது, 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட (சீட்டுப் போடும் கேசினோ ஊழியர்) அதிகப் புள்ளி எடுக்க வேண்டிய சீட்டாட்டம். அந்த மேசையில் கேசினோவுக்கு உள்ள அனுகூலம் அரை சதவீதம்தான் என்கிறார்கள். ஆனால் ஒரு கேசினோ நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் மேசை ஆட்டங்களில் வென்றது 20 சதவீதம் என்று போட்டிருக்கிறது. மீதிப் பத்தொன்பதரை எங்கிருந்து வந்தது? இதற்கு அடியில் நீங்கள் வாய்விட்டுக் கேட்காத இன்னொன்று இருக்கிறது: மேசையில் ஏதாவது தில்லுமுல்லு நடக்கிறதா? முதல் கேள்விக்குச் சந்தேகமில்லாத பதில் உண்டு. இரண்டாவதற்கான பதில் எந்த இடம், யாருடைய உரிமம் என்பதைப் பொறுத்தது.

அந்த இரண்டு சதவீதங்களும் வேறு வேறு தொகைகளின் மேல் எடுத்தவை. அரை சதவீதம் என்பது வைக்கப்படும் ஒவ்வொரு பந்தயத்தின் மேலும் கணக்கிடும் ஹவுஸ் எட்ஜ். 20 சதவீதம் என்பது ஆட்டக்காரர்கள் பணம் கொடுத்துச் சில்லுகளாக மாற்றிக்கொண்ட தொகையின் மேல் கணக்கிடும் ஹோல்டு. அப்படி மாற்றிய தொகைக்கு டிராப் என்று பெயர்; பந்தயமாக வைத்த மொத்தத் தொகைக்கு ஹேண்டில் என்று பெயர். ஒருவர் 500 டாலருக்குச் சில்லு வாங்கி, சுற்றுக்கு 25 டாலர் வீதம் மணிக்கு 60 சுற்று, மூன்று மணி நேரம் ஆடுகிறார் என்று வையுங்கள். 180 சுற்று, 4,500 டாலர் பந்தயம். கையில் கொண்டுவந்தது 500 தான். வெல்வதும் தோற்பதுமாக அதே சில்லுகள் ஒன்பது தடவை மேசையில் ஏறி இறங்கியிருக்கின்றன. இன்னொன்று, அரை சதவீதம் என்பது நல்ல விதிகள் உள்ள மேசையில், எந்தச் சீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணையை ஒரு பிசகும் இல்லாமல் பின்பற்றுபவருக்கு மட்டுமே. சாதாரண ஆட்டக்காரர் 16 வைத்துக்கொண்டு இன்னொரு சீட்டு வாங்கப் பயந்து நின்றுவிடுவார், டீலருக்கு முதல் இரண்டு சீட்டிலேயே 21 விழும் என்று வைக்கும், வாங்கக் கூடாத இன்ஷூரன்ஸ் பக்கப் பந்தயத்தை வாங்குவார். அவருக்கு அது ஒன்றரை, இரண்டு சதவீதம் என்று ஆகிவிடும். 4,500-ல் இரண்டு சதவீதம் 90 டாலர். 500-ல் 90 என்பது 18 சதவீதம். உங்கள் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், ஒரு சீட்டைக்கூட மறைக்காமல்.

இதில் ஹவுஸ் எட்ஜ் கணிதம். காகிதத்தில் போட்டு நிரூபிக்கலாம். சராசரி ஆள் செய்யும் தவறு இரண்டு சதவீதம் வரை கொண்டுபோகும் என்பது தொழிலில் புழங்கும் மதிப்பீடு. மேசைக்கு மேசை மாறும். 20 சதவீதம் என்ற ஒற்றை எண்ணிலிருந்து பின்னோக்கிப் போய் 'அந்த மேசையின் எட்ஜ் இவ்வளவு' என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. காரணம், எத்தனை தடவை பணம் சுழன்றது என்பதை மேசையில் யாரும் எண்ணுவதில்லை.

அது எப்படி என்று கேட்பீர்கள். மேசையில் ஒவ்வொரு சுற்றிலும் யார் வென்றார், எவ்வளவு என்று எழுதி வைப்பதே கிடையாது. ஷிஃப்ட் முடிந்ததும் சில்லுத் தட்டில் என்ன மிச்சம் என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆரம்பத்தில் தட்டில் 40,000 டாலர் சில்லு. நடுவில் குறைந்துபோய், காசாளர் கூண்டிலிருந்து 10,000 கொண்டுவந்து நிரப்பினார்கள். இதற்கு ஃபில் சீட்டு எழுதி, ஒரு படி மேசைக்கடியில் உள்ள பூட்டிய பெட்டிக்குள் போகும். முடிவில் தட்டில் 26,000 இருக்கிறது. ஆக 24,000 டாலர் சில்லு மேசையை விட்டுப் போயிருக்கிறது. பெட்டியைத் திறந்து எண்ணினால் 30,000 நோட்டு. வித்தியாசம் 6,000, அதுதான் வருமானம். 30,000-க்கு 6,000 என்றால் 20 சதவீதம். ஹோல்டு என்ற அளவுகோல் பிறந்ததே இப்படித்தான்: அளக்க முடிந்தது அது ஒன்றுதான்.

அதனால் அதில் ஓட்டைகளும் உண்டு. பக்கத்து மேசையில் வாங்கிய சில்லோடு வந்து இங்கே தோற்றால், அங்கே டிராப் ஏறும், இங்கே வருமானம் ஏறும். ஒரு மேசையின் ஹோல்டு தாறுமாறாகக் கூடும், மற்றது குறையும். 5,000 டாலருக்குச் சில்லு வாங்கி, இரண்டு சுற்று ஆடிவிட்டு எழுந்து போகிறவர் டிராப்பை ஊத வைத்து ஹோல்டை இறக்கிவிடுவார். ஸ்லாட் இயந்திரத்தில் இந்தத் தகராறு இல்லை. உள்ளே போகும் ஒவ்வொரு பந்தயத்தையும் மீட்டர் எண்ணுகிறது. அங்கே ஹோல்டு என்பது ஹேண்டிலின் மேலேயே கணக்கிடப்படும். ஒரே அறிக்கையில் ஸ்லாட்டுக்கு 7, மேசைக்கு 20 என்று பார்த்துவிட்டு, ஸ்லாட்தான் ஆட்டக்காரருக்கு நல்லது என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய. நிலைமை தலைகீழ்.

எட்ஜ் எப்படி உண்டாகிறது என்பதையும் பார்த்துவிடலாம். ரூலெட்டில் ஐரோப்பியச் சக்கரத்துக்கு 37 குழிகள். ஒற்றை எண்ணுக்குக் கொடுப்பது 35 மடங்கு. 37 எண்களிலும் ஒவ்வொரு டாலர் வைத்தால் திரும்பி வருவது 36. ஒரு டாலர் போனது, 2.70 சதவீதம். அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைச் சுழியும் சேர்ந்து 38 குழி, கொடுப்பது அதே 35, எட்ஜ் 5.26 ஆகிவிடுகிறது. பந்து நேர்மையாகத்தான் விழுகிறது, கொடுக்கும் விலைதான் குறைவு. சீட்டாட்டமான பக்காராவில் பேங்கர் பக்கம் 1.06, பிளேயர் பக்கம் 1.24, அதே மேசையில் இரு பக்கமும் சமமாக முடியும் என்று வைக்கும், எட்டு மடங்கு தரும் டை பந்தயத்துக்கு 14.36. பகடை ஆட்டமான கிராப்ஸில் பாஸ் லைன் 1.41.

பிளாக்ஜாக்கில் மட்டும் அனுகூலம் விலையில் இல்லை, வரிசையில் இருக்கிறது: நீங்கள் முதலில் ஆட வேண்டும். 21-ஐத் தாண்டினால் உங்கள் பந்தயம் அப்போதே போய்விடும். பிறகு டீலரும் தாண்டினாலும் திரும்பி வராது. டீலர் ஏறத்தாழ 28 சதவீதச் சுற்றுகளில் தாண்டுகிறார். டீலரைப் போலவே 17 வரும்வரை சீட்டு வாங்கிக்கொண்டே போகிறவருக்கு இருவரும் சேர்ந்து தாண்டும் வாய்ப்பு எட்டு சதவீதத்தை ஒட்டி வரும். பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் ஒன்றரை மடங்கு தருவது, பந்தயத்தை இரட்டிப்பது, ஒரே மதிப்புள்ள இரு சீட்டுகளை இரண்டு கையாகப் பிரிப்பது ஆகியவை ஆட்டக்காரருக்குக் கொடுத்த சலுகைகள். அவற்றைச் சரியாகப் பயன்படுத்தினால்தான் அந்த எட்டு அரையாகக் குறையும். அதனால்தான் சமீப ஆண்டுகளில் பல மேசைகளில் 3-க்கு-2 என்பதை 6-க்கு-5 ஆக்கிவிட்டார்கள். 10 டாலருக்கு 15 தந்த இடத்தில் 12. பிளாக்ஜாக் சுமார் 21 சுற்றுக்கு ஒரு தடவைதானே விழுகிறது, அதற்கென்ன என்று தோன்றும். அந்த மூன்று டாலர் குறைப்பு எட்ஜில் கிட்டத்தட்ட 1.4 சதவீதத்தைக் கூட்டுகிறது. நன்றாக ஆடுபவருக்கு இருந்த அரை, ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகிறது. மேசைத் துணியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும், படிப்பவர் குறைவு.

இனி தொழிலின் உயிர்நாடி: வேகம். கேசினோவின் எதிர்பார்ப்பு வருமானத்துக்குத் தியோ என்று பெயர். சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை சுற்று, எத்தனை மணி நேரம், எட்ஜ் — இந்த நான்கின் பெருக்கல். எட்ஜைக் கூட்டினால் ஆட்டக்காரர் உணர்ந்துகொண்டு போய்விடலாம். வேகத்தைக் கூட்டினால் யாரும் கவனிப்பதில்லை. சீட்டைக் கையால் கலைக்கும் நேரம் வருமானமில்லாத நேரம். தானாகக் கலைக்கும் இயந்திரம் வந்தது அதற்காகத்தான், போன சீட்டுகளை நினைவில் வைத்து மிச்சத்தைக் கணிக்கும் கார்டு எண்ணுபவர்களைத் தடுப்பது அதன் உபரி லாபம். மேசையில் 25 டாலர் வைப்பவர் மணிக்கு 60 சுற்று, ஒன்றரை சதவீதம் என்றால் தியோ 22.50 டாலர். பக்கத்தில் ஸ்லாட்டில் உட்கார்ந்து ஒரு டாலர் ஒரு டாலராக அழுத்துகிறவர் மணிக்குச் சாதாரணமாக 500 தடவை அழுத்துவார். எட்டு சதவீதம் என்று வைத்தால் 40 டாலர். ஒரு டாலர் ஆள் 25 டாலர் ஆளைவிட ஏறத்தாழ இருமடங்கு தருகிறார், அவருக்கு எதிரே சம்பளம் வாங்கும் டீலரும் இல்லை. நாணயம் போடும் முறை போய், பார்கோடு போட்ட சீட்டு உள்ளே போய் வெளியே வரும் முறை வந்தபோது வேகம் இன்னும் கூடியது, நாணயம் நிரப்ப ஆளும் தேவைப்படவில்லை. ஒரு சென்ட் இயந்திரம் மலிவு என்று நினைக்க வேண்டாம். ஒரு அழுத்தலுக்கு ஐம்பது, நூறு கிரெடிட் போகும், அவற்றில் ஹோல்டும் அதிகம். லாஸ் வேகாஸ் உள்ள நெவாடா மாநிலத்தில் சென்ட் இயந்திரங்களின் ஹோல்டு 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பெரிய மதிப்புள்ளவற்றில் அதில் பாதிக்குச் சற்று மேல்.

ஸ்லாட் பற்றி ஒரு தெளிவு தேவை. 'இந்த இயந்திரம் ரொம்ப நேரமாகக் கொடுக்கவில்லை, இப்போது கொடுக்கும்' என்பது பொய். உள்ளே இருக்கும் எண் உற்பத்தி நிரல் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பொத்தானை அழுத்தும் நொடியில் எந்த எண் இருந்ததோ அதுதான் முடிவு. முந்திய சுற்றின் நினைவு அதற்குக் கிடையாது. 1984-ல் இங்கெ டெல்னாஸ் (Inge Telnaes) என்பவர் பெற்ற காப்புரிமை இதில் ஒரு திருப்பம். கண்ணுக்குத் தெரியும் உருளையில் 22 நிறுத்தங்கள்தான் இருந்தாலும், உள்ளே கணினியில் அதைவிட நீளமான கற்பனை உருளை ஒன்றை வைத்து, ஜாக்பாட் சின்னத்துக்கு ஒரே ஒரு இடமும் அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு நிறைய இடங்களும் ஒதுக்கலாம். அதனால்தான் ஜாக்பாட் 'ஒரு கோடு தள்ளி' அடிக்கடி நிற்கிறது. இதுதான் நீங்கள் தில்லுமுல்லு என்று நினைப்பதற்கு மிக அருகில் வருவது, ஆனால் சட்டபூர்வமானது. தோல்வி என்று முடிவான பிறகு, வேண்டுமென்றே 'ஜஸ்ட் மிஸ்' போலக் காட்டும்படி நிரல் எழுதுவது வேறு. அதை நெவாடா 1989-ல் தடை செய்தது. கோடு மெல்லியது, எனக்கு அது அவ்வளவு நேர்மையாகத் தோன்றவில்லை, ஆனால் கோடு அங்கேதான் போடப்பட்டிருக்கிறது.

90 சதவீதம் திருப்பித் தரும் இயந்திரத்தில் 100 டாலர் போட்டால் 90 கையில் இருக்கும் என்பதும் தவறு. அந்த 90-ஐ மறுபடி போட்டால் 81, அதைப் போட்டால் 73. எடுத்துக்கொண்டு எழுந்திருக்காதவரை பூஜ்யத்தை நோக்கித்தான் பயணம். நெவாடாவில் சட்டப்படியான குறைந்தபட்சம் 75 சதவீதம், நியூ ஜெர்சியில் 83. போட்டியின் காரணமாக நடைமுறையில் அதற்கு மேலேயே வைத்திருப்பார்கள்.

'அப்படியானால் கேசினோ தோற்கவே தோற்காதா?' என்றால், ஒரு நாளில் தாராளமாகத் தோற்கும். பிளாக்ஜாக்கில் ஒரு சுற்றின் ஊசலாட்டம் (திட்ட விலக்கம்) ஏறத்தாழ 1.15 பந்தயம். சுற்றுகள் கூடும்போது அது அவற்றின் வர்க்கமூலத்தோடுதான் வளரும். எட்ஜ் ஒன்றரை சதவீதம் என்றால் 100 சுற்றில் கேசினோவின் எதிர்பார்ப்பு ஒன்றரைப் பந்தயம், ஊசலாட்டமோ 11.5 பந்தயம், அதாவது நூறு சுற்று ஆடி எழுந்திருப்பவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் லாபத்தோடு போவார்கள். பத்து லட்சம் சுற்றில் எதிர்பார்ப்பு 15,000 பந்தயம், ஊசலாட்டம் 1,150. கேசினோ வாங்குவது அந்தப் பத்து லட்சத்தை. உச்ச வரம்பு வைப்பதும் இதற்காகத்தான். தோற்றால் இரட்டிப்பது என்ற பழைய தந்திரம் அந்த வரம்பில் முட்டி நிற்கும்: 10-ல் தொடங்கி ஏழு தடவை தோற்றால் 1,270 போயிருக்கும், எட்டாவது பந்தயம் 1,280, மேசை வரம்பு 1,000 என்றால் கதை முடிந்தது. ஐரோப்பியச் சக்கரத்தில் சிவப்பில் மட்டும் வைக்கிறவர் தொடர்ந்து ஏழு தடவை தோற்பது 106-ல் ஒன்று. மான்டி கார்லோ கேசினோவின் ரூலெட்டில் 1913 ஆகஸ்டில் கறுப்பு 26 தடவை தொடர்ந்து விழுந்தது; சிவப்பு வந்தே தீரும் என்று வைத்துக்கொண்டே போனவர்கள் அன்று பெரும் தொகை இழந்தார்கள்.

இந்தக் கணக்கு ஆட்டம் கண்டுவிடுவது மிகப் பெரிய ஆட்டக்காரர்களிடம். பக்காராவில் சுற்றுக்கு ஒரு லட்சம் டாலர் வைப்பவர் 300 சுற்று ஆடினால் எதிர்பார்ப்பு மூன்றரை லட்சம், ஊசலாட்டம் பதினாறு லட்சத்துக்கு மேல். ஒரே ஆள் ஒரு காலாண்டின் முடிவையே புரட்டிவிடலாம். அதனால்தான் சில பெரிய நிறுவனங்கள் 'அதிர்ஷ்டம் சராசரியாக இருந்திருந்தால்' என்று திருத்திய எண்ணையும் அறிக்கையில் சேர்க்கின்றன. சீனாவின் மக்காவ் இந்த விஐபி ஆட்டத்தால்தான் 2006-ல் ஆட்ட வருமானத்தில் லாஸ் வேகாஸின் கேசினோ வீதியான ஸ்ட்ரிப்பைத் தாண்டியது. ஆனால் அதில் மிஞ்சியது என்ன பாருங்கள். அங்கே விஐபி அறையில் சுழலும் சில்லுத் தொகையில் 2.85 சதவீதத்தைக் கேசினோவின் பங்காகக் கணக்கிடுவார்கள். ஆட்களைக் கொண்டுவந்து, கடன் கொடுத்து, வசூலும் செய்த ஜங்கெட் தரகர்களுக்கு 2009-க்குப் பிந்தைய உச்சவரம்புப்படி 1.25 வரை. அன்றைய வரி வருமானத்தில் 39 சதவீதம், அதாவது சுமார் 1.11. மிச்சம் அரை சதவீதத்தை ஒட்டி, அதில்தான் சம்பளமும் மாளிகையும். சாதாரண மேசையில் தரகரும் இல்லை, கடனும் இல்லை. தொகை சிறியது, லாபம் தடித்தது.

இலவச அறை, சாப்பாடு எல்லாம் தியோவின் மேல்தான். முதல் கணக்கில் வந்த, இரண்டு சதவீதம் இழக்கும் 25 டாலர் ஆளுக்கு மூன்று மணி நேரத் தியோ 90 டாலர். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் திருப்பித் தருவது வழக்கமான நடைமுறை, இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் உண்மையில் தோற்றீர்களா வென்றீர்களா என்பது இதில் பெரும்பாலும் வராது. மேற்பார்வையாளர் மதிப்பிடும் சராசரிப் பந்தயம்தான் முக்கியம். அவர் பார்க்கும்போது மட்டும் பந்தயத்தை உயர்த்துகிறவர்கள் இருப்பது அதனால்தான். தோல்வியில் தள்ளுபடி தருவது மட்டும் ஆபத்தான வகை. நாணயம் சுண்டுவது போன்ற சமமான ஆட்டத்தில் வென்றால் 10 லட்சம், தோற்றால் 20 சதவீதத் தள்ளுபடியோடு 8 லட்சம் என்று ஒப்புக்கொண்டால், தடவைக்கு ஒரு லட்சத்தைச் சராசரியாகக் கேசினோ இழக்கிறது. 2011-ஐ ஒட்டி நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் டான் ஜான்சன் என்பவர் இத்தகைய தள்ளுபடியையும் சாதகமான விதிகளையும் பேரம் பேசி வாங்கி, மூன்று கேசினோக்களிடமிருந்து சுமார் ஒன்றரைக் கோடி டாலர் வென்றார். சீட்டை எண்ணக்கூட இல்லை.

இப்போது தில்லுமுல்லுக்கு வருவோம். உரிமமும் கண்காணிப்பும் கடுமையாக உள்ள இடத்தில் கேசினோ ஆட்டக்காரரை ஏமாற்றுவது முட்டாள்தனம். கணிதமே வேலையைச் செய்கிறது, பிடிபட்டால் போவது உரிமம். அங்கே உள்ள கேமராக்களும் விதிகளும் பெருமளவு சொந்த ஊழியர்களைக் குறிவைத்தவை. நோட்டைப் பெட்டிக்குள் தள்ளுமுன் மேசையில் விரித்துக் காட்டி, தொகையை உரக்கச் சொல்ல வேண்டும். மேசையை விட்டு நகருமுன் டீலர் இரு கையையும் விரித்துத் திருப்பிக் காட்ட வேண்டும். பெட்டியைக் கழற்றும் சாவி ஒரு துறையிடம், திறக்கும் சாவி வேறு துறையிடம். அப்படியும் ஓட்டை விழும்: 1995-ல் பிடிபட்ட ஒருவர், இயந்திரங்களின் மென்பொருளைச் சோதிக்க வேண்டிய நெவாடா சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்திலேயே வேலை பார்த்தவர். உரிமம் எங்கே, யார் சோதித்தது என்பதே தெரியாத இணையதளங்களுக்கு மேலே சொன்ன எதையும் நீட்டிக்க வேண்டாம். அங்கே எட்ஜ் என்ன என்பது மட்டுமல்ல, வென்றால் பணம் வருமா என்பதே கேள்வி.

20 சதவீத ஹோல்டு இருந்தால் லாபம் உறுதி என்றும் எண்ண வேண்டாம். நெவாடாவில் ஆட்ட வருமானத்தின் மேல் மாநில வரி அதிகபட்சம் 6.75 சதவீதம், மக்காவில் இப்போது 40, பென்சில்வேனியாவில் ஸ்லாட்டுக்குப் பாதிக்கும் மேல். அதன் பிறகு சம்பளம், அறை, கடன் வட்டி. சுமார் 240 கோடி டாலரில் கட்டி 2012-ல் அட்லாண்டிக் சிட்டியில் திறந்த ரெவல் கேசினோ 2014-ல் மூடப்பட்டது. அதே ஆண்டு அந்த ஊரில் இன்னும் மூன்று மூடின. அண்டை மாநிலங்களில் கேசினோ வந்ததும் ஆட்கள் வருவது நின்றுவிட்டது. எட்ஜ் அப்படியேதான் இருந்தது, பெருக்க ஆளில்லை.

ஆகவே அந்த ஆண்டறிக்கையைத் திரும்ப எடுத்தால், ஹோல்டை விட்டுவிட்டு முதலில் டிராப்பையும் ஸ்லாட் ஹேண்டிலையும் பாருங்கள். டிராப் நிலையாக இருந்து ஹோல்டு 20-லிருந்து 14-க்கு இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் ஒரு கெட்ட காலாண்டு, நான்கைந்து காலாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் நேராகிவிடும். ஹோல்டு 24-க்கு ஏறி டிராப் இறங்கிக்கொண்டே வந்தால், இருக்கிறவர்களிடம் அதிகம் எடுத்து, வருகிறவர்களை இழந்துகொண்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அந்த ஆண்டில் 6-க்கு-5 மேசைகள் கூடினவா என்று விசாரியுங்கள்.